தொட்டிக்கு வெளியே ஓர் ஆள்

புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் கலியாணமாகிக் கண்டி மஹய்யாவைக்கு வந்த மறுநாளே லயத்து வீட்டு வாசலில் நின்று காளிமுத்து, காளிமுத்து என்று கூப்பிட்டவள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் பேச்சி என்று காளிமுத்து மட்டும் சிரித்தார். அப்படிப்பட்ட என்னைத்தான் எண்பத்து மூன்றாம் வருடத்து ஆடிக் கலவரத்தில், கண்டியில், ஊமை என்று சொல்லி நிற்க வைத்தார்கள்.

கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற ரோட்டில், மஹய்யாவைக்குக் கீழே, நாலு மாடியில் ஒரு கடைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. காளிமுத்து அங்கே சாரக்கட்டு கட்டுகிறவர். கமுக மரத்தை நட்டு, கயிற்றால் வரிந்து, பலகை போட்டு, மேசன்மார் மேலே நின்று வேலை செய்ய வழி பண்ணிக் கொடுப்பார். நான் கல்லும் சாந்தும் சுமந்தேன். காவலுக்கும் ஆள் வேண்டும் என்று கொந்தராத்துக்காரர் மூலையில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்திருந்தார், அதிலேயே குடியிருந்தோம். தலைமை மேசன் தென்னகோன் பாஸ் வத்தேகமப் பக்கத்துச் சிங்கள மனுசன். எங்கள் ஆட்களோடு காலமெல்லாம் வேலை செய்ததில் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எல்லாருக்கும் மேலே ஓவசியர் விவேகானந்தன் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதே இல்லை. விடிந்ததும் வந்து சாரக்கட்டின் ஒவ்வொரு முடிச்சையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கயிறு கொஞ்சம் நைந்திருந்தால் பேச்சே கிடையாது, கத்தியால் அறுத்துவிட்டுப் போய்விடுவார். காளிமுத்து முனகிக்கொண்டே மறுபடி கட்டுவார். பலகை ஓரத்தில் கல் அடுக்கினால் ஏச்சு, வெறுங்காலோடு ஆணி கிடக்கிற இடத்தில் நடந்தால் ஏச்சு. மாமியாராகப் பிறந்திருக்க வேண்டிய மனுசன் தப்பி ஓவசியராகப் பிறந்துவிட்டார் என்று காளிமுத்து சொல்வார். வத்தேகமயில் முந்தி ஒரு வேலையில், மேலே இருந்து விழுந்த கல் ஒரு பொம்பிளையின் தலையைப் பிளந்ததை ஐயா பக்கத்தில் நின்று பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் இப்படி ஆனார் என்று பாஸ் சொன்னார். அது தெரிந்த பிறகு நான் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மேலே ஏதாவது கைதவறினால் உடனே சத்தம் போட வேண்டும் என்பது அவர் சட்டம். முதலில் "விலத்து" என்றுதான் கத்தச் சொன்னார். அது யாழ்ப்பாணப் பேச்சு, தோட்டத்துச் சனத்துக்கு உடம்பில் ஏறவில்லை. அவர் தொண்டை கிழியக் கத்துவார், நாங்கள் என்னவாம் என்று அண்ணாந்து பார்ப்போம். கடைசியில் அவரே இறங்கி வந்து எங்கள் பேச்சில் "ஒதுங்கு" என்று மாற்றினார். அந்தச் சத்தம் கேட்டால் மேலே பார்க்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சுவரோடு பாய்ந்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சொன்னால் மட்டும் போதுமா? தேத்தண்ணி குடிக்கிற நேரமாகப் பார்த்து, மரத்தூள் அடைத்த சீமெந்துப் பையை மேலே இருந்து போட்டுவிட்டு "ஒதுங்கு" என்பார். கடைசியாகப் பாய்ந்தவர் அடுத்த நாள் எல்லாருக்கும் தேத்தண்ணி சுமக்க வேண்டும். சிங்கள மேசன்மாருக்கும் அதே சட்டம்தான். தென்னகோன் பாஸ் முதலில் முறைத்தார். ஒரு கிழமை தேத்தண்ணி வாளி தூக்கிய பிறகு எங்களையெல்லாம் முந்திக்கொண்டு பாயத் தொடங்கினார். அந்தத் தொந்தியோடு அவர் பாய்வதைப் பார்க்கவே நாங்கள் காத்திருப்போம். காளிமுத்துதான் எப்போதும் கடைசி. சாகிறவன் எங்கே நின்றாலும் சாவான் என்று தத்துவம் பேசிக்கொண்டு வாளியைத் தூக்குவார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் நிலத்துக்குள் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டினோம். ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத்தான் வாய், அதற்குக் கொங்கிரீட் மூடி. உள்ளே வேலை என்றால் ஐயா முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சு விடக் காற்று இல்லை, யாரும் இறங்கக் கூடாது. தொட்டிக்கு விளக்குப் பூசையா என்று காளிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். இறங்குகிறவன் நெஞ்சில் கயிறு கட்ட வேண்டும். கயிற்றைப் பிடித்தவன் வெளியே நிற்க வேண்டும், உள்ளே போனவன் ஏறி வரும் வரைக்கும் அவன் சிறுநீர் கழிக்கக்கூட நகரக் கூடாது. காளிமுத்து கேலி செய்யாத சட்டம் இது ஒன்றுதான். இரண்டு தரம் அவரே உள்ளே இறங்கி மூச்சுத் திணறியிருக்கிறார்.

கொழும்பில் கடைகள் எரிகின்றன என்று முதல் நாளே கதை வந்துவிட்டது. மஹய்யாவையில் இருந்து வேலைக்கு வருகிற எங்கள் ஆட்கள் மறுநாள் காலையில் ஒருவரும் வரவில்லை. பாஸும் அவருடைய மச்சானும் மட்டும் வந்தார்கள். அந்த நாளிலும் விவேகானந்தன் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ராத்திரி பெய்த மழையில் சாரக்கட்டுக் கயிறு இளகியிருக்குமாம், பார்க்காமல் யாராவது ஏறிவிடுவார்களாம். ஊரே பற்றி எரிகிறது, இவருக்குக் கயிறு! ஐயா, உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேவிட்டேன். அவர் அடுத்த முடிச்சை ஆட்டினார். அவர் பாதி முடிச்சுப் பார்த்து முடிக்கும்போது டவுண் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. டயர் எரிகிற நாற்றம் எங்கள் கொட்டில் வரைக்கும் வந்தது.

பாஸின் மச்சான் ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். லொறியில் ஆட்கள் வருகிறார்களாம். கையில் இரும்புக் கம்பி, பெற்றோல் கேன். ஒவ்வொரு இடமாக இறங்கித் தமிழ் ஆள் இருக்கிறானா என்று கேட்கிறார்களாம். கீழே சாப்பாட்டுக் கடைக்காரரைக் கடைக்குள் வைத்தே பூட்டிக் கொளுத்திவிட்டார்களாம். ஐயாவின் சிங்களம் கந்தோரில் கடிதம் எழுதப் படித்த சிங்களம், இரண்டு வார்த்தை பேசினாலே ஊர் தெரிந்துவிடும். பாஸ் யோசிக்கவே இல்லை, அவர் தோளைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் தள்ளினார். சாகப் போகிற நேரத்திலும் அந்த மனுசன் முதலில் விளக்கை இறக்கு என்றார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. காளிமுத்து அவர் நெஞ்சில் கயிற்றைச் சுற்றிக் கட்டி உள்ளே இறக்கினார். கயிற்றின் மற்ற நுனியையும் உள்ளே போட்டோம். மூடியை இழுத்து, ஓரத்தில் செங்கல் துண்டு ஒன்றை அண்டக் கொடுத்து, விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு, மேலே சாக்கையும் மணலையும் பரப்பினோம்.

நீங்கள் இரண்டு பேரும் மேலே ஓடிப் போய் மஹய்யாவையில் ஒளிந்துகொள்ளுங்கள் என்றார் பாஸ். நான் துணி மூட்டையைத் தூக்கிவிட்டேன். காளிமுத்து அசையவில்லை.

"நான்தான் பாஸ் கயிறு கட்டி எறக்குனேன். மூடியைத் தூக்க ரெண்டு ஆளு வேணும். ஒங்க மச்சான் ஓடிட்டான்னா என்னா செய்வீங்க?" என்றார். மச்சான் அந்த நேரம் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லக் கூடாது, அவன் ஓடவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கும். நீ போ புள்ள என்று காளிமுத்து என்னைப் பார்த்துச் சொன்னார். போய்த் தொலை என்றுகூடச் சொன்னார். புருசனை விட்டுவிட்டு ஓடுகிற சாதியா நான்? மூட்டையைக் கொட்டிலுக்குள் எறிந்தேன்.

காளிமுத்து மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவர், அவர் சிங்களத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. என் சிங்களத்தில் தோட்டம் மணக்கும். அதனால்தான் பாஸ் என்னை ஊமை என்றார், காதும் கேட்காது என்றார். பொட்டை அழித்தேன், மூக்குத்தியைக் கழற்றினேன், தாலியை இடுப்பில் செருகினேன். மூக்கு ஓட்டை தெரியாமலிருக்கச் சீமெந்துத் தூளை முகமெல்லாம் அப்பிக்கொண்டேன். என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே நங்கி, என் தங்கச்சி என்று பாஸ் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். லொறி வந்து நின்றது.

வந்தவர்களுக்கு எல்லாம் உடைக்க வேண்டியிருந்தது. எங்கள் கொட்டிலைக் கம்பியால் அடித்துச் சரித்தார்கள். சட்டி பானையை மிதித்தார்கள். சீமெந்துப் பைகளைக் கிழித்துக் காற்றில் பறக்க விட்டார்கள். தலையில் சிவப்புத் துணி கட்டிய ஒருவன்தான் தலைவன். தமிழ் ஓவசியர் எங்கே என்று கேட்டான். இன்றைக்கு வரவில்லை என்று பாஸ் சொன்னார். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. பாஸ் மறுபடி அதையே சொன்னார். இது தன் பெரியம்மா மகன், இது அவன் பெண்சாதி, பாவம் ஊமை என்றார். காளிமுத்துவைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவர் பிறந்த ஊர் என்று ஒரு சிங்கள ஊரையும், அந்த ஊர்ப் புத்த கோயிலான பன்சலையின் பெரிய பிக்குவின் பெயரையும் தடுமாறாமல் சொன்னார். சிரிக்கவும் சிரித்தார்.

அப்போது ஒருவன் பலகைக் குவியலைச் சரிக்கப் போய்த் தொட்டிப் பக்கம் தடுக்கி விழுந்தான். விழுந்த கோபத்தில் அங்கே கிடந்த சாக்கைக் காலால் உதைத்தான். அண்டக் கொடுத்த செங்கல் துண்டு நழுவியது. மூடி டொக்கென்று வாயை அடைத்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது, காது கேட்காத எனக்கு. அவன் அதைக் கவனிக்கவில்லை. தொடையைத் தடவிக்கொண்டு அதே மூடியின் மேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். காளிமுத்து என்னைப் பார்த்தார். அந்தத் தொட்டியில் விளக்கு எவ்வளவு நேரம் நின்று எரியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இவர்கள் சீக்கிரம் தொலைந்தால் ஐயா பிழைப்பார். இல்லாவிட்டால் நாங்கள் தோண்டுகிறது பிணத்தைத்தான்.

கட்டையில் போகிறவன்கள் தொலையவில்லை. சிவப்புத் துணிக்காரனுக்குச் சந்தேகம் தீரவில்லை. அவன் கொழும்பில் கட்டட வேலை செய்தவனாம், தமிழ்க் கூலிகளோடு கல் சுமந்தவனாம். அதைப் பெருமையாகச் சொன்னான். எங்கள் நாலு பேரையும் சாரக்கட்டுக்குக் கீழே வரிசையாக நிற்க வைத்தான். பாஸ், மச்சான், காளிமுத்து, நான். எதிரே கம்பியோடு நின்றவர்களிடம் இவர்கள் காலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாரக்கட்டில் ஏறினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காளிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் தன் காலைத் தூக்கி என் பாதத்தின் மேல் வைத்து அழுத்தினார். எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தினார்.

மேலே இருந்து தமிழில் சத்தம் வந்தது.

"ஒதுங்கு!"

பாஸ் பாய்ந்தார். மச்சானும் பாய்ந்தான். இரண்டு பேரும் தலையில் கைவைத்துக்கொண்டு, ஐயா பழக்கிய மாதிரியே, சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். என் உடம்பும் பாய்ந்தது. பாதம் மட்டும் நிலத்தில் நின்றது. காளிமுத்து கம்பம் நட்ட மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்புத் துணிக்காரன் மேலே இருந்து போட்ட ஒரு முழுச் சீமெந்துக் கல் அவர் தலையில் பட்டு, தோளைப் பிய்த்துக்கொண்டு என் காலடியில் விழுந்து உடைந்தது. என் முகத்தில் சூடாகத் தெறித்தது.

அவர்கள் அவரைப் பார்க்கவே இல்லை. தெமளா, தெமளா என்று கத்திக்கொண்டு பாஸின் மேலும் மச்சானின் மேலும் பாய்ந்தார்கள். தமிழ்ச் சத்தத்துக்குப் பாய்ந்தவன் தமிழன் இல்லாமல் யார்? கம்பி பாஸின் வலது கையில் விழுந்தபோது விறகு முறிகிற சத்தம் கேட்டது. மச்சானின் வாயில் பூட்ஸ் காலால் உதைத்தான் ஒருவன், அவன் பல்லோடு ரத்தம் துப்பினான். பாஸ் சிங்களத்தில் கெட்ட வார்த்தையால் ஏசினார், புத்தர் பெயரைச் சொன்னார், பன்சலையில் ஓதுகிற காதாவை அழுதுகொண்டே சொன்னார். தமிழனும் இதெல்லாம் பாடமாக்கி வைத்திருப்பான் என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். ஒருவன் பெற்றோல் கேனைத் திறந்தான்.

நான் கீழே உட்கார்ந்து காளிமுத்துவின் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தேன். தலை என்று சொல்கிறேன், பாதிதான் தலையாக இருந்தது. தமிழில் அழக் கூடாது. ஊமை அழுகிற மாதிரித் தொண்டையால் அழலாம், அப்படி அழுதேன். என் புருசனே, என் ராசா என்று வந்ததை எல்லாம் திருப்பி விழுங்கினேன். அவர் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தார். வாய் அசைந்தது. பக்கத்தில் அவர்களில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

"பயவென்ன எப்பா," என்றார்.

பயப்படாதே என்று சிங்களத்தில் சொன்னார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து என்னோடு ஒரு நாளும் சிங்களத்தில் பேசாத மனுசன் கடைசியாகப் பேசியது அதுதான். அப்போதும் என் உயிரையும் தொட்டிக்குள் கிடக்கிற உயிரையும் நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் மூச்சு இல்லை.

தொட்டி மூடியில் உட்கார்ந்திருந்தவன் எழும்பி வந்தான். பாஸின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள் என்று கத்தினான். இது வத்தேகமத் தென்னகோன், எங்கள் பன்சலை மதிலைக் கட்டிய பாஸ் என்றான். கம்பிகள் இறங்கின. கேனை மூடினார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். பிறகுதான் எல்லாரும் காளிமுத்துவைப் பார்த்தார்கள். பாஸின் பெரியம்மா மகன் என்று சொன்னது ஞாபகம் வந்திருக்கும். சிங்களவன் ஒருவனைக் கொன்றுவிட்டோம் என்று அவர்களுக்குப் பயம் பிடித்தது. சிவப்புத் துணிக்காரன் இறங்கி வந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, என் முன்னால் குந்தி, மன்னித்துக்கொள் நங்கி என்றான். தெரியாமல் நடந்துவிட்டது என்றான். பாவிப்பயலே, தெரிந்திருந்தால் கேனைத் திறந்திருப்பாய் என்று என் நெஞ்சு கத்தியது. வாய் கத்தவில்லை.

லொறி புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்தில் சந்தியில் போய் நின்றது. அங்கே வேறு எதையோ கொளுத்தினார்கள். நான் காளிமுத்துவைத் தரையில் கிடத்திவிட்டு எழும்பி ஓடினேன். மச்சான் எழும்ப முடியாமல் கிடந்தான். பாஸுக்கு ஒரு கைதான். அலவாங்கை எடுத்து மூடிக்கு அடியில் குத்தி, என் முழுப் பாரத்தையும் போட்டு நெம்பினேன். பாஸ் இடது கையாலும் காலாலும் தள்ளினார். மூடி நகர்ந்தது. உள்ளே இருந்து பதில் இல்லை. நான் தலைகீழாகத் தொங்கிக் கயிற்று நுனியைத் தேடிப் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்தோம். ஐயா மூட்டை மாதிரி வந்தார், உதடு நீலம். முகத்தில் தண்ணீர் அடித்தேன், நெஞ்சில் குத்தினேன், குத்துவதில் என் ஆத்திரமும் இருந்தது. கடைசியில் இருமினார். இருமி இருமி வாந்தி எடுத்தார். ஆள் பிழைத்துவிட்டார்.

கண் தெளிந்ததும் சுற்றிப் பார்த்தார். சாரக்கட்டுக்குக் கீழே கிடந்ததைக் கண்டார். உடைந்த கல்லைக் கண்டார். தவழ்ந்து போய்ப் பக்கத்தில் இருந்து அந்தத் தோளைத் தொட்டார்.

"ஒதுங்கு எண்டு ஆரோ கத்தினது எனக்குக் கேட்டது," என்றார். "வடிவாக் கேட்டது. இவன் ஏன் பாயேல்லை? நான் எத்தினை தரம் சொன்னனான் பேச்சி, எத்தினை தரம் சொன்னனான்."

அழுதுகொண்டேதான் கேட்டார். ஆனாலும் எனக்கு அந்த அலவாங்கைத் தூக்கி அவர் மண்டையில் போடத் தோன்றியது. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

"பாய்ஞ்சிருந்தா எங்களக் கொளுத்தியிருப்பானுங்க. ஒங்களத் தூக்க வெளிய யாரு இருந்திருப்பா?" என்றேன். "நீங்க போட்ட சட்டந்தானே ஐயா. வெளிய ஒரு ஆளு நிக்கணும்னு. நின்னாரு."

ஐயா என்னைப் பார்த்தார். தன் தலையைக் கொண்டுபோய் நிலத்தில் மோதினார், திரும்பத் திரும்ப மோதினார், அவரைத் தடுக்க யாருக்கும் தெம்பு இல்லை. நான் காளிமுத்து பக்கத்தில் விழுந்தேன். இடுப்பில் செருகிய தாலியை இழுத்து எடுத்தேன். எங்கள் தோட்டத்தில் புருசனைப் பறிகொடுத்தவள் மலை கேட்க அழுவாள், பெயர் சொல்லி அழுவாள். காளிமுத்து என்று கூப்பிட நான் வாயைத் திறந்தேன்.

லொறி இன்னும் சந்தியில்தான் நின்றது. பாஸ் பின்னால் இருந்து வந்து, முறியாத கையால் என் வாயைப் பொத்தினார். என் முதுகில் சாய்ந்து அவரும் குலுங்கினார். நான் அந்தக் கையைக் கடித்தேன். பல் எலும்பில் படும் வரைக்கும் கடித்தேன். பாஸ் கையை எடுக்கவில்லை.